அடைப்புக்குறிக்குள் ஓர் எ

மனுவின் மேல் பச்சை வெளிச்சம் பாதி தூரம் ஊர்ந்திருந்தபோது கரண்ட் போய்விட்டது. ஜெராக்ஸ் கடை ஞானதுரை அண்ணாச்சி மூடியைத் தூக்கித் தாளை எடுத்து ஒரு உதறு உதறி, "வந்துரும் தம்பி, ஞாயித்துக்கிழமை மூணு மணிக்குப் போனா நாலுக்குள்ள வந்துரும், உக்காரு" என்று ஸ்டூலைக் காலால் தள்ளிவிட்டார். தவசிலிங்கம் உட்கார்ந்தான். நாலு மணிக்கு அவன் மேகலா அக்கா வீட்டில் இருக்க வேண்டும். மாவட்டத் திருநங்கையர் சங்கத்திலிருந்து ஷீபா அக்கா வந்திருப்பார். நாளைக்குத் திங்கள்கிழமை, கலெக்டர் ஆபீசில் குறைதீர்க்கும் கூட்டம். பேரூராட்சித் தேர்தலில் ஒன்பதாவது வார்டில் நின்று தோற்ற மேகலாவின் பெயரை வேட்பாளர் பட்டியலில் தப்பாகப் போட்டவர்கள் மேல் நடவடிக்கை கேட்கிற மனு இது. எழுதியவன் அவன். இரண்டு நகல் எடுத்துவிட்டால் வேலை முடிந்தது. முடிந்தது என்று நினைத்ததும் தாளை மடியில் கவிழ்த்து வைத்தான். ஏனென்றால் பெயரைத் தப்பாகப் போட்டவனும் அவன்தான். அது யாருக்கும் தெரியாது. தெரியாது, தெரியாது என்று இத்தனை நாளாகச் சொல்லிக்கொண்டே இருக்கிறான். உண்மையிலேயே யாருக்கும் தெரியாத ஒன்றை ஒருவன் இத்தனை தடவை சொல்லிக்கொள்ள வேண்டியதில்லை. மின்விசிறி நின்றுவிட்ட கடைக்குள் இங்க் வாசனையும் பக்கத்துக் கடையிலிருந்து வாழைப்பழ வாசனையும் கலந்து கனத்தன. மடியில் கிடந்த தாளை அவன் திரும்பவும் படித்தான். 'எனது பெயர் வேட்பாளர் பட்டியலில் தவறாகப் பதிவு செய்யப்பட்டுள்ளது.' முதலில் 'அலுவலக எழுத்தர் தவறாகப் பதிவு செய்துள்ளார்' என்றுதான் எழுதினான். எழுதியதும் அந்த எழுத்தர் அம்மாவின் முகம், மூக்குக் கண்ணாடியின் ஒரு காலில் சுற்றியிருந்த நூல், எல்லாம் தாளில் வந்து நின்றன. அடித்துவிட்டான். பிறகுதான் இந்த வாக்கியம் வந்தது, என்ன லாகவம், ஆள் இல்லாத வாக்கியம். குரூப் ஃபோர் தேர்வுக்குப் படிக்கிறவனுக்கு இது தெரியாதா. சாயங்காலம் டியூஷன் பிள்ளைகளுக்கு அவன் நடத்துகிற பாடம்தானே. தச்சன் நாற்காலியைச் செய்தான், செய்வினை. நாற்காலி தச்சனால் செய்யப்பட்டது, செயப்பாட்டு வினை. 'தச்சனால்' என்பதை எடுத்துவிட்டாலும் வாக்கியம் நிற்கும் சார் என்று ஒரு பிள்ளை கேட்டபோது, நிற்கும், நன்றாகவே நிற்கும் என்று சொல்லியிருந்தான். நன்றாகத்தான் நிற்கிறது. தச்சனைக் காணோம்.

"மேகலாவுக்கா?" என்றார் அண்ணாச்சி, எதிரே இருந்தபடியே தாளைத் தலைகீழாகப் படித்து. ஊர் முழுக்க வருகிற தாள்களைத் தலைகீழாகவே படித்துப் பழகியவர். "நான் குழாய்க்குத்தான் போட்டேன் தம்பி. சாமி சத்தியமா." தண்ணீர்க் குழாய் மேகலாவின் சின்னம். தவசிலிங்கம் தலையாட்டினான். குழாய்க்குப் போட்டதாக இதுவரை அவனிடம் சொன்னவர்களைக் கூட்டினால் நூற்றைம்பது தாண்டும். விழுந்தது அறுபத்து மூன்று. அதில் ஒன்று என்னுடையது என்று அவன் நினைத்துக்கொண்டான். முடிவு வந்ததிலிருந்து இந்த ஒன்றைக் காய்ச்சல்காரன் கஞ்சியைப் போலக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்துக்கொண்டிருக்கிறான். ஓட்டு என்னவோ போட்டேன். போட்டேன்தானே. பொத்தானை அழுத்தியபோது பக்கத்தில் ஒட்டியிருந்த பெயரைப் பார்க்காமல் சின்னத்தை மட்டும் பார்த்து அழுத்தினான். பெயரைப் பார்க்க முடியவில்லை. முதலில் அந்தப் பழைய பெயர், அம்மா அப்பா வைத்தது, அவள் பதினேழு வயதில் உதறிவிட்டு வந்தது, அப்புறம் ஒரு அடைப்புக்குறி, அதற்குள் ஓர் எ, புள்ளி வைத்த மாதிரி சின்னதாக, அப்புறம்தான் மேகலா. இன்னார் என்கிற மேகலா. தெருவில் கோழி பிடிக்கிறவனுக்கும் சாராய வழக்கில் மாட்டுகிறவனுக்கும் பேப்பரில் போடுவார்களே, அந்த எ. மனுவில் அந்தப் பழைய பெயரை எழுதவே கூடாது என்று அவன் கவனமாக இருந்தான், இருந்தும் நேற்று ராத்திரி முதல் படியில் 'மேகலா ஆகிய நான்' என்று எழுதும்போது மேகலா முடிந்ததும் பேனா தானாக வளைந்து பிறை மாதிரி ஓர் அடைப்புக்குறியைத் திறந்துவிட்டது. திறந்த குறியை அவன் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தான். கை செய்தது என்றால் கை யாருடையது. அந்தத் தாளைக் கிழித்துக் கிழித்து, கிழிந்தவற்றையும் கிழித்து, அம்மா பார்க்காமல் அடுப்புக்கரி வாளியில் போட்டான்.

வேட்புமனுத் தாக்கல் செய்த அன்றைக்குப் பேரூராட்சி ஆபீஸ் வராண்டாவில் நல்ல கூட்டம். மேகலா அக்கா பச்சைக் கரை வைத்த வெள்ளைப் புடவை கட்டி, கல்யாணச் சமையலுக்குப் போகும்போது செருகுகிற சின்னத் துண்டை மறந்துபோய் இடுப்பிலேயே வைத்துக்கொண்டு வந்திருந்தாள். படிவத்தில் வெறுமையாகவே கையெழுத்துப் போட்டு அவனிடம் நீட்டினாள். "நீ நெரப்பிக்கோ தவசி. எங்க என்ன எழுதணும்னு உனக்குத்தான் தெரியும்." தெருவில் எல்லாரும் அப்படித்தான். ரேஷன் கார்டு, விதவை உதவி, வங்கிச் சலான் எதுவானாலும் மாடசாமி மகன்தான் நிரப்ப வேண்டும், படிச்ச புள்ள. அவன் உள்ளே போனான். எழுத்தர் அம்மா பதிவேட்டைத் திறந்து, தலையைத் தூக்காமல், "வேட்பாளர் பேரு?" என்று கேட்டார். அவ்வளவுதான் கேட்டார். அதற்கு அவன் சொன்ன பதிலைத்தான் இப்போது ஸ்டூலில் உட்கார்ந்து, நாக்கில் கிடக்கிற வேப்பங்கொட்டை மாதிரி, துப்பவும் முடியாமல் விழுங்கவும் முடியாமல் உருட்டிக்கொண்டிருக்கிறான். "உண்மைப் பேரா மேடம், கூப்பிடுற பேரா?" அந்த அம்மா நிமிர்ந்து கண்ணாடிக்கு மேலாக அவனைப் பார்த்தார். "வாக்காளர் அட்டையில என்ன இருக்கோ அதைப் போடுங்க தம்பி." அட்டையில் மேகலா என்றுதான் இருந்தது. ஆதாரிலும் மேகலா. இரண்டு வருஷம் அலைந்து மாற்றியிருந்தாள். ஆனால் பத்தாம் வகுப்புச் சான்றிதழில் பழைய பெயர், கல்வித் தகுதி என்று கேட்டிருக்கிறார்களே, பரிசீலனையில் தள்ளிவிட்டால், எதிராளி ஆட்சேபித்தால்? அவன் இரண்டையும் எழுதினான். முதலில் அதை, குறிக்குள் எ, பிறகு இதை. "இது எதுக்குத் தம்பி?" என்று அந்த அம்மா கேட்கவும் செய்தார். "பின்னாடி பிரச்சின வந்துரக் கூடாதுல்ல மேடம்." அவர் தோளைக் குலுக்கி முத்திரை குத்தினார். நாளைக்கு அவருக்குத்தான் மெமோ. தொகுப்பூதியத்தில் இருப்பவர் என்று யாரோ சொன்னார்கள். யாரும் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

பயம்தான், பயத்தில் எழுதினேன் என்று சொல்லிவிடலாம், அது பொய்யும் இல்லை. மாடசாமி என்பது அப்பாவின் பெயர். அவன் வருமானச் சான்றிதழில் எவனோ ஒருவன் மாடச்சாமி என்று அடித்துவிட்டான். ஒரே ஒரு ச். அந்த ஒற்றை எடுப்பதற்கு அப்பா காட்டு வேலையை விட்டுவிட்டு மூன்று மாதம் தாலுகா ஆபீஸ் மரத்தடியில் நின்றார், அதற்குள் காலேஜ் விடுதியில் இடம் போய்விட்டது, முதல் வருஷம் முழுக்க அவன் விடிகாலை பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போனான். எழுத்து ஒன்று கூடினாலும் குறைந்தாலும் நம் மாதிரி ஆட்களைத்தான் அடிக்கும் என்பது எலும்பில் ஊறிப் போயிருக்கிறது. அதனால்தான். அதனால் மட்டும்தான் என்று சொல்ல வாயெடுத்தால் அந்தக் கேள்வி முன்னால் வந்து நிற்கிறது, உண்மைப் பேரா, கூப்பிடுற பேரா. பயத்துக்கு இரண்டு பெயரையும் எழுதத் தோன்றலாம். எது உண்மை, எது கூப்பிடுவது என்று பிரித்தது பயமா? அது எங்கேயோ அடியில் கிடந்திருக்கிறது. அக்கா அக்கா என்று வாய் நிறையக் கூப்பிட்டுக்கொண்டு, நோட்டீஸ் எழுதிக் கொடுத்து, வீடு வீடாகப் போய், அதற்கெல்லாம் அடியில், குடத்தின் அடியில் தங்குகிற மண் மாதிரி. இதற்கு முன்னாலும் ஒரு தடவை அது மேலே வந்திருக்கிறது. காலேஜ் இரண்டாம் வருஷம், பஸ்ஸில் சேக்காளிகளோடு நிற்கும்போது முன்படியிலிருந்து அவள், "தவசி, சாப்பிட்டியாடா" என்று கேட்டாள். பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. யாருடா மாப்ள என்று ஒருவன் கேட்டான். தெரியாது என்று அவன் சொல்லவில்லை, அந்த மட்டுக்கும் நல்லவன். "எங்க தெருவுல இருக்கும்" என்று சொன்னான். இருப்பாங்க என்றில்லை. இருப்பா என்றுகூட இல்லை. இருக்கும். மாடு இருக்கும், கிணறு இருக்கும். அவள் காதில் விழுந்ததா என்று இன்றைக்கு வரைக்கும் தெரியாது. அடுத்த நிறுத்தத்தில் இறங்கினாள், அது அவள் இறங்குகிற நிறுத்தம்தானா என்று யோசித்து யோசித்து அவனுக்கு ஞாபகமே தேய்ந்துவிட்டது.

"என்ன தம்பி, வேர்த்துக் கொட்டுது. விசிறிக்கோ" என்று அண்ணாச்சி ஒரு அட்டையை நீட்டினார். பழைய பிரச்சார அட்டை, பின்பக்கம் வெள்ளை. முன்பக்கம் குழாய்ச் சின்னம், கீழே அவன் எழுதின வரி, உங்கள் தெருவுக்குத் தண்ணீர் கொண்டுவந்த மேகலா. அது சத்தியமான வரி. ஒன்பதாவது வார்டுக்குக் குடிநீர்க் குழாய் வந்ததே அவள் பேரூராட்சி வாசலில் குடத்தோடு உட்கார்ந்து உட்கார்ந்துதான். தண்ணீரைப் பிடித்தவர்கள்தான் எதிராளியின் வேனில் மைக் வந்தபோது சிரித்தவர்கள். "ரெண்டு பேரு வெச்சிருக்கிற அண்ணனுக்கு ரெண்டு ஓட்டாவது விழுமாய்யா?" பட்டியல் ஒட்டின மறுநாளே அதைப் பிடித்துக்கொண்டார்கள். அதற்கு முன்னால் அவர்களிடம் அந்தப் பெயர் இல்லை, பாதிப் பேருக்கு மறந்தும் போயிருந்தது. அவன்தான் தோண்டி எடுத்துக் கழுவித் துடைத்து அரசாங்க முத்திரையோடு கையில் கொடுத்தான். வேன் போனபோது அம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். அம்மாவைச் சொல்வானேன், நோட்டீஸ் கட்டோடு நின்ற அவனுக்கே வாய் ஓரம் லேசாக விரிந்தது. சிரிப்பில்லை அது, கூட்டத்தில் எல்லார் முகமும் போகிற பக்கம் நம் முகமும் போவது. முடிவு அறிவித்த அன்றைக்குச் சாயங்காலம் ஜெயித்தவர்கள் ஊர்வலத்தை அவள் வீட்டு வாசலில் நிறுத்தி, அந்தப் பெயரை முழுசாகச் சொல்லி, "அண்ணே, வெளிய வாங்கண்ணே" என்று கொட்டடித்தார்கள். நாலு வீடு தள்ளி ஜன்னல் கதவை ஒருச்சாய்த்து வைத்துக்கொண்டு அவன் கேட்டுக்கொண்டிருந்தான். அவள் வெளியே வந்து கையைக் கட்டிக்கொண்டு நின்றாளாம். கொட்டு ஓய்ந்ததும் கொட்டுக்காரனைப் பார்த்து, "ஏப்பா மாரிச்சாமி, உன் மக சடங்குக்கு நான் வந்து சமைச்சனே, அன்னைக்கு என்ன பேரு சொல்லிக் கூப்பிட்ட?" என்று கேட்டாளாம். மாரிச்சாமி கொட்டுமேளத்தைக் கழற்றிக் கீழே வைத்துவிட்டாராம். நின்றாளாம், கேட்டாளாம், எல்லாம் ஆம்தான், அவன் பார்க்கவில்லை. கூட்டம் கலைந்த பிறகு ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்தபடியே செல்போனில் ஸ்டேட்டஸ் வைத்தான், 'உங்களோடு நிற்கிறோம் மேகலா அக்கா', கூடவே ஒரு முஷ்டிப் படம். நாற்பத்தோரு பேர் பார்த்தார்கள். நிற்கிறோம். யார் யார்? 'நிற்கிறேன்' என்று போட்டிருந்தால் எங்கே நிற்கிறாய் என்று யாராவது கேட்டுவிடுவார்கள் போல.

பட்டியல் ஒட்டின அன்றைக்கே சொல்லியிருக்கலாம். பள்ளிக்கூடச் சுவரில் ஈரம் காயாத பசையோடு அது இருந்தது, அவள் விரலை வைத்து ஒவ்வொரு பெயராகக் கீழே இறக்கிக்கொண்டே வந்து ஓரிடத்தில் நிறுத்தினாள். விரல் அங்கேயே இருந்தது. "இது எப்படிடா வந்துச்சு?" "ஆபீஸ்ல போட்டுருப்பாங்கக்கா. அவங்களுக்கு ஏதாச்சும் விதி இருக்கும்." அவள் அவனைக் கொஞ்சம் கூடுதலான நேரம் பார்த்தாள். பிறகு "சரி" என்றாள். முந்தாநாள் ஷீபா அக்கா போனில் கொதித்தபோதும், அந்தக் கிளார்க்கை விடக் கூடாது, மனு எழுதியே ஆகணும் என்றபோதும், மேகலா கடைசியில், "தவசி எழுதட்டும். நடந்தது அவனுக்குத்தான் தெரியும்" என்றாள். நடந்தது அவனுக்குத்தான் தெரியும். ஏன் அப்படிச் சொன்னாள்? உள்ளே போனவன் அவன் என்பதால் சொன்னாள். வேறென்ன. உள்ளே போனவனுக்குத்தானே தெரியும். வேறொன்றும் இல்லை.

"வாம்மா மேகலா" என்று அண்ணாச்சி சொன்னதும் அவன் எழுந்தேவிட்டான். வாம்மா மேகலா. எட்டாவது தாண்டாத மனுஷன் வாயில் அது எவ்வளவு லேசாக வருகிறது. அவள் வெயிலிலிருந்து கண்ணைச் சுருக்கிக்கொண்டு உள்ளே வந்தாள். முகம் மூன்று நாளில் வற்றியிருந்தது, பவுடர் போடவில்லை. "மணி நாலேகால்டா. ஷீபா டீ ரெண்டு குடிச்சாச்சு. ஓடிக்கீடிப் போயிட்டியோன்னு பாக்க வந்தேன்."

"கரண்ட் இல்லக்கா."

"இங்கயும் தோல்விதானா." அண்ணாச்சி சிரிக்கலாமா என்று தெரியாமல் இருமினார். அவள் எதிர் ஸ்டூலில் உட்கார்ந்தாள். "என்ன அண்ணாச்சி அப்படிப் பாக்குறீங்க? அறுபத்து மூணு கம்மியா? அறுபத்து மூவர். சப்பரத்துல வெச்சு ஊர்வலமே விடலாம், யாரு யாருன்னு தெரிஞ்சா."

"அதுல நான் ஒருத்தன்ம்மா" என்றார் அண்ணாச்சி.

"நீங்க சத்தியம் பண்ணாதீங்க, வயசான காலத்துல. டேய், படி அதை."

அவன் படித்தான். பெறுநர், பொருள், மதிப்பிற்குரிய ஐயா. குரல் அடுத்தவன் குரல் மாதிரி இருந்தது. எனது பெயர் வேட்பாளர் பட்டியலில் தவறாகப் பதிவு செய்யப்பட்டுள்ளது.

"யாரால?" என்றாள்.

அண்ணாச்சி திரும்பி ஒரு ரீம் தாளைத் தேவையில்லாமல் அடுக்கத் தொடங்கினார். தாளில் அந்த வரி ஆட்டம் காட்டியது. டியூஷன் பிள்ளை கேட்கிற கேள்விதான், யாரால் சார். "என்னாலக்கா" என்றான். அதுவும் செயப்பாட்டு வினையாகவே வந்ததில் அவனுக்குக் காது சுட்டது. "நான் எழுதுனேன். அந்தம்மா எழுதல. அட்டையில இருக்கிறதப் போடச் சொன்னாங்க. நான்தான்…"

"தெரியும்."

வெளியே ஒரு மினிபஸ் ஹாரனடித்துக்கொண்டே போய் முடிந்தது.

"கதவுகிட்டதான்டா நின்னேன் அன்னைக்கு. ஆதார் கார்டக் குடுக்க மறந்துட்டேனேன்னு பின்னாடியே வந்தேன். உண்மைப் பேரா கூப்பிடுற பேரான்னு கேட்ட." அவன் வாயிலிருந்து போன அதே ஏற்ற இறக்கத்தோடு அவள் அதைச் சொன்னாள். "அங்க இருந்த ரெண்டு கட்சிக்காரனும் சிரிச்சான்."

அவர்கள் சிரித்தது அவனுக்கு ஞாபகமில்லை. "ஏன்க்கா அப்பவே சொல்லல? பளார்னு ஒண்ணு விட்டுருக்கலாம்ல. படிவத்தக் கிழிச்சிட்டு வேற குடுத்துருக்கலாம்."

"முன்மொழியிற எடத்துல கையெழுத்துப் போட வார்டுல ஒரு ஆள் வேணும்ல. பத்தொம்பது வீட்டுல கேட்டேன். தண்ணி புடிச்ச வீடுக. நீ ஒருத்தன்தான் வந்த. அன்னைக்கு மூணு மணியோட மனு வாங்குறது கடைசி." அவள் இடுப்புத் துண்டை எடுத்துக் கழுத்தைத் துடைத்தாள். "உன்னக் கோவிச்சுக்கிட்டு நான் எங்கடா போறது?"

அவள் குரலை உயர்த்தவே இல்லை. உயர்த்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். இத்தனை நாள் அவன் மறைத்து வைத்திருந்தது என்று நினைத்ததெல்லாம் அவள் அவனுக்காகச் சுமந்துகொண்டிருந்தது. தெருத்தெருவாக அவன் நோட்டீசைப் பிடித்துக்கொண்டு முன்னால் நடக்க, பின்னால் அவள் கையெடுத்துக் கும்பிட்டுக்கொண்டே, அந்தக் கேள்வியையும் கேட்டுக்கொண்டே வந்திருக்கிறாள். படிச்ச புள்ள, நல்ல புள்ள, நம்ம புள்ள என்று வாசலுக்கு வாசல் அவனை அறிமுகம் செய்தாள். ஓட்டு மை தேய்த்தால் போகாது என்பார்கள்; அவன் இடது ஆள்காட்டி விரல் நகத்தில் அது இன்னும் கறுப்பாக இருந்தது. அந்த விரலை மடக்கிக்கொண்டான். மடக்கியது அசிங்கமாக இருந்தது, விரித்தான். பஸ்ஸில் அன்றைக்குச் சொன்னதும் கேட்டதா என்று கேட்க நாக்கு நுனி வரைக்கும் வந்தது. கேட்கவில்லை. கேட்டிருந்தால் இறங்கிய நிறுத்தத்தையும் சொல்லிவிடுவாள்.

"பேனா இருக்கா அண்ணாச்சி?" என்றான்.

"மாத்துறியா?" என்றாள் மேகலா. "மாத்து. செயப்பாட்டு, செயப்பாட்டுன்னு பிள்ளைகளுக்கு நீ கத்துறது என் அடுப்படி வரைக்கும் கேக்கும். இதுக்கு எதிர்ப்பதம் என்னடா?"

"செய்வினைக்கா."

"அதான பாத்தேன். எவனோ வெச்சிருக்கான்னு நெனச்சேன்." முதல் தடவையாக அவள் உதட்டோரம் கொஞ்சம் அசைந்தது, சிரிப்பென்று சொல்லிவிட முடியாது. "வெச்சவன்தான் எடுக்கணும். எடு."

அவன் தாளைத் திருப்பிப் பின்பக்கத்தில் புதிதாக எழுதினான். அந்தம்மாவுக்கு இதில் சம்பந்தமில்லை என்பதை முதலில் எழுதினான். வேட்பாளரின் பெயர் மேகலா. பேனா நின்றது, வளையாமல் நேராக நின்றது, பக்கத்தில் முற்றுப்புள்ளி வைத்தான். வேட்புமனுவில் வேறொரு பெயரை முன்மொழிந்தவனாகிய நான் எழுதினேன். யாரும் எழுதச் சொல்லவில்லை. நான் எழுதினேன் என்று இரண்டாவது தடவை ஏன் எழுதினான் என்று அவனுக்கே தெரியவில்லை, அடிக்கவும் இல்லை. இப்படிக்கு, மா. தவசிலிங்கம், இளநிலைக் கணிதம். பட்டத்தைப் போட்ட பிறகு அதைப் பார்க்க முடியாமல் அடித்தான். அடித்ததும் தெரிகிற மாதிரியே இருந்தது.

டியூப்லைட் இரண்டு தடவை கண் சிமிட்டி எரிந்தது. இயந்திரம் முனகிக்கொண்டு சூடேறியது. அண்ணாச்சி தாளை வாங்கினார், இந்தத் தடவை படிக்காமல் கவிழ்த்தார். "எத்தனை காப்பி?"

"அவனைக் கேளுங்க" என்றாள்.

வெளிச்சம் ஒரு ஓரத்திலிருந்து புறப்பட்டு மறு ஓரம் வரைக்கும் தடையில்லாமல் போனது. ஒன்று கலெக்டருக்கு, ஒன்று அவள் கைக்கு. பள்ளிக்கூடச் சுவர் நினைவுக்கு வந்தது. தேர்தல் தாள்களைக் கிழித்துவிட்டார்கள், ஓரங்கள் மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. ரேஷனுக்குப் போகிற எல்லாரும் அந்த வழியாகத்தான் போக வேண்டும், அம்மாவும், சான்றிதழோடு அவனிடம் வருகிற அத்தனை பேரும், டியூஷன் பிள்ளைகளும். கையெழுத்தைப் பார்த்ததுமே தெரிந்துவிடும்.

"மூணு" என்றான். "ஒண்ணு பள்ளிக்கூடச் சுவத்துக்கு."

அவள் அவனைப் பார்க்கவில்லை. எழுந்து, புடவையைத் தட்டி, துண்டை இடுப்பில் செருகினாள்.

"பசை வீட்ல மிச்சம் இருக்கு" என்றாள்.